பிசாங் மாஸ் சீப்பும் மூடாத புரோகிராமும்

சீதாலெட்சுமிக்குத் தொலைபேசி என்றால் ஆகாது. இது பெரிய குறையில்லை. தொலைபேசி பிடிக்காதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கிறார்கள். இவளுடைய கஷ்டம், இவளுக்குச் சம்பளமே தொலைபேசி எடுப்பதற்குத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேலே, மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளி முத்துக்குமாரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வே கணக்குப் பிரிவில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு, மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயதில் மென்பொருள் கம்பெனி திறந்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு மரியாதை உண்டு, பயம் உண்டு, பக்திகூட உண்டு. தெரிந்தது மட்டும் ஒன்றும் கிடையாது. புரோகிராம் எழுதுவதெல்லாம் அவருடைய அக்கா மகன் சண்முகரத்தினம். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவன். நல்ல மூளைதான், ஆனால் ‘தப்பு’ என்ற சொல்லை மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டுமே பயன்படுத்துவான்.

சீதா பந்திங்கில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினார். இவள் ஐந்தாம் படிவம் முடித்ததும் குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் டிப்ளோமா வாங்கினாள். படிப்பு நன்றாக வந்தது. வாய் அதைவிட நன்றாக வந்தது. வங்கியில் டைப் அடிக்கப் போனாள். மேனேஜரிடம், “சார், நீங்க எழுதுறது இங்கிலீஷா மலாயா, அதச் சொல்லிட்டீங்கன்னா நான் ஒழுங்கா அடிச்சிடுவேன்” என்றாள். வேலை போயிற்று. செருப்புக் கடைக்குப் போனாள். டத்தின் பட்டமுள்ள ஒரு பெரிய இடத்து அம்மாளுக்கு அவளுடைய கால் அளவை உள்ளபடியே சொன்னாள். அதுவும் போயிற்று. “உனக்கு வாயத் தெச்சு அனுப்பிச்சாத்தான் வேலையில நிப்ப” என்று அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவளைக் கூட்டிவந்து தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தது முத்துக்குமாருவின் துணிச்சல்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், பிறகு மினி பஸ், பிறகு மாடிப்படி. ஏறி வந்து உட்கார்ந்ததும் மணி அடிக்கும். “வணக்கம், குட் மார்னிங், செலாமாட் பாகி” என்று மூன்று மொழியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவாள். எந்த அழைப்பையும் எப்படியோ சமாளித்துவிடுவாள். சாயங்காலம் ஐந்து மணி அழைப்பைத் தவிர.

அது பந்திங் கிளினிக்கிலிருந்து வரும். கம்பெனிக்குக் கையில் இருந்த ஒரே பெரிய வேலை, டாக்டர் மார்க்கிரட்டின் கிளினிக்குகளுக்கு எழுதிக்கொண்டிருந்த புரோகிராம்தான். நோயாளியின் பெயர், வந்த நாள், கொடுத்த மருந்து, போட்ட ஊசி, எல்லாம் அதில் ஏறும். பந்திங் கிளினிக்கில் மட்டும் அதைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அங்கே அதை ஓட்டுகிறவள் வள்ளியம்மா.

“தங்கச்சி, இன்னிக்கும் மூட மாட்டேங்குதும்மா.”

“ஓக்கே அமுக்குனீங்களாக்கா?”

“அமுக்குறேன், அந்தப் பொட்டி போவுது, திரும்ப வருது. அமுக்குறேன், திரும்ப வருது. எம்புட்டு நேரம் அமுக்குறது? எனக்கு பஸ்ஸு வந்துரும் லா.”

புரோகிராமைத் திறந்தால் அழகாகத் திறக்கும். மூடப் போனால்தான் சனியன். ஜன்னல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால், சில நாள் மூடும்; சில நாள், ‘கோப்பு இன்னும் திறந்திருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நடுவில் நிற்கும். ஓக்கே சொன்னால் மறைந்து, மறுபடி வந்து நிற்கும். வள்ளியம்மா பாவம், ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். கடைசியில் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவாள். அப்படித் தட்டினால் அன்றைக்குக் கடைசியாக வந்த நோயாளிகளின் விவரம் அத்தோடு போய்விடும். ஒரு தடவை ஒரு கைக்குழந்தைக்குப் போட்ட ஊசியே பதிவில் இல்லாமல் போய், போட்டாச்சா இல்லையா என்று தாய்க்கும் வள்ளியம்மாவுக்கும் கிளினிக் வாசலில் பெரிய சண்டை. டாக்டர் மார்க்கிரட் வந்து குழந்தையின் தொடையில் ஊசித் தழும்பைத் தேடிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாராம்.

அந்தப் பஸ், பந்திங்கில் இருந்த காலத்தில் சீதா ஏறிய பஸ். மழையில் அந்த நிறுத்தத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஒரு அழைப்பில் மட்டும் அவளுக்கு வாய் எழும்பாது.

இதற்கிடையே முத்துக்குமாரு எங்கோ ஒரு கண்காட்சிக்குப் போய், ஒரு சோதனை மென்பொருளைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். மனிதன் செய்வதை அது பார்த்துக்கொண்டே பதிவு செய்யுமாம். பிறகு அந்தப் பதிவை ஓடவிட்டால், தானே புரோகிராமைத் திறக்கும், தானே அமுக்கும், தானே மூடும், சரியா தப்பா என்று தானே எழுதி வைக்கும். இந்தப் பதிவுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். பெட்டியோடு செங்கல் தடிமனில் ஒரு கையேடும் வந்தது. முதலாளி அதற்குக் குங்குமம் வைத்து அலமாரியில் ஏற்றினார். சண்முகரத்தினம் அதெல்லாம் வேலை தெரியாதவர்களுக்கு என்றான். சீதாதான் இரண்டு அழைப்புக்கு நடுவே எடுத்து எடுத்துப் படித்தாள். தொலைபேசியிலிருந்து தப்பிக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

முதல் ஸ்கிரிப்டை முதலாளிக்குப் போட்டுக் காட்டிய நாளைக் கம்பெனியில் யாரும் மறக்கவில்லை. மவுஸைத் தொடாமலே அம்பு நகர்ந்தது. கிளினிக் புரோகிராம் திறந்தது. முத்துக்குமாரு கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. புரோகிராம் மூடியது. அத்தோடு நின்றிருக்கலாம். அம்பு நேராகப் போய்ச் சீட்டாட்டத்தைத் திறந்தது. கிளாவரை எடுத்து ஆட்டினின் மேல் வைக்கப் பார்த்தது, முடியவில்லை, வேறு சீட்டைத் தேடியது. பிறகு திடீரென்று, படியில் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி, விழுந்தடித்துக்கொண்டு ஆட்டத்தை மூடியது. பதிவை நிறுத்த மறந்துவிட்டு சீதா செய்த அத்தனையையும் அந்தப் பாழாய்ப்போன ஸ்கிரிப்ட் அப்படியே ஒப்பித்துவிட்டது.

“இது என்ன சோதனை, பிள்ளை?”

“இது வந்து, மத்த புரோகிராம் பக்கத்துல இருந்தாலும் நம்ம புரோகிராம் நல்லா இருக்கான்னு பாக்குறது, சார்.”

முத்துக்குமாரு நம்பினாரா என்பது வேறு விஷயம். அடுத்த நாளிலிருந்து அவர் படியேறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு சீதா ஒழுங்கான ஸ்கிரிப்ட் எழுதினாள். திற, காத்திரு, மூடு, மூடிவிட்டதா என்று பார், மறுபடி திற. அவ்வளவுதான். போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். பிறகு அந்தப் பெட்டி வந்து நிற்கும், ஸ்கிரிப்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும்.

“சண், உங்க புரோகிராம் மூடலை.”

“உன் ஸ்கிரிப்டுக்கு அவசரம். மனுஷன் யாரும் இப்படி விழுந்தடிச்சு மூட மாட்டான்.”

“அஞ்சேகாலுக்கு பஸ் இருக்குற மனுஷி மூடுவாங்க.”

சண்முகரத்தினம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு திரும்பினான். “சரி, இப்ப என்ன? மூடலைன்னா மெமரியிலேருந்தே அடிச்சுத் தூக்கிடச் சொல்லு. ஒரு லைன் எழுதினாப் போதும். ரிப்போர்ட்ல மூடிடுச்சுன்னுதான் வரும்.”

“வீட்டுக்கு வந்தவங்க கெளம்பலைன்னு கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டு, நல்லபடியா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாங்கன்னு நான் எழுதணுமா?”

“நீ டெலிபோன பாரு, சீதா.”

இதைவிடப் பெரிய வசவு அவளுக்குக் கிடையாது. அன்றைக்கு முழுக்க அழைத்தவர்களெல்லாம் பாவம்.

அது தொண்ணூற்று ஏழாம் வருஷம். காடுகள் எரிந்த புகைமூட்டம் நாட்டையே மூடியிருந்தது. எதிர்ச் சாரிக் கடைகள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் புகையிலும் டாக்டர் மார்க்கிரட் சனிக்கிழமை காலையில் வந்து புரோகிராமைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். சரியாக இருந்தால் எல்லா கிளினிக்குகளுக்கும் எடுப்பார். இல்லாவிட்டால் வேறு கம்பெனி. முத்துக்குமாரு, மருமகனையும் சீதாவையும் அறைக்குள் கூப்பிட்டார். சண்முகரத்தினம், தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். என்ன தப்பு என்று சீதா கேட்டதற்கு, சொன்னால் உனக்குப் புரியாது என்றான்.

“அப்ப பாத்திடுவம்” என்றார் முத்துக்குமாரு. “வெள்ளிக்கிழமை மத்தியானத்திலயிருந்து சனிக்கிழமை காலமை மட்டும் இது தானாத் திறந்து தானா மூடி நிக்காம ஓட வேணும். ஓடிச்சுதெண்டா, திங்கக்கிழமையிலயிருந்து சீதா சோதனைப் பிரிவு. பெர்மனன்ட். டெலிபோனுக்கு வேற ஆள் போடுவன். நிண்டுதெண்டா நீயும் டெலிபோனும், பிறகு அந்தக் கதையே எடுக்கப்படாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. அன்றைக்குக் கருவிகளையெல்லாம் பூசையில் வைத்துவிட்டால், மறுநாள் விசயதசமியன்று பூசை முடித்து எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. ரயில்வேயில் இருந்த காலத்தில் அன்று பேனாவைக்கூடத் தொடமாட்டார் என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். மற்ற நாட்களில் தொட்டாரா என்று சீதா கேட்க வாயெடுத்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டாள்.

“தொட வேணாம் சார். டைமர் இருக்கு. வியாழக்கிழமையே போட்டு வெச்சிட்டா அதுவே ஆரம்பிக்கும்.”

“அமுக்கிறது ஆர்?”

“யாரும் இல்ல. அதுவே அமுக்கிக்கும்.”

“மவுஸ்?”

“அம்பு தானா போவும். அன்னிக்குப் பாத்தீங்களே.”

அன்றைக்குப் பார்த்ததை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாம். முத்துக்குமாரு நெற்றித் திருநீற்றைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். கோயில் குருக்களுக்குப் போன் போட்டார். குருக்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை; அதனால் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார். மனிதக் கை படாதவரை தோஷமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூசை தடபுடலாக நடந்தது. வெளியே காட்டுப் புகை, உள்ளே சாம்பிராணிப் புகை. இரண்டுக்கும் நடுவில் சீதா இருமிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். சோதனைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மரியாதை. கீழ்க் கடையிலிருந்து வந்த ரோஜா மாலையைப் போட்டு, முன்னால் வாழையிலையில் சுண்டல், பொங்கல், வெற்றிலை, தேங்காய் என்று கல்யாண வீட்டுச் சீர் மாதிரி அடுக்கினார் முத்துக்குமாரு. கடைசியில் பிசாங் மாஸ் ஒரு சீப்பு மிஞ்சியது. குட்டை குட்டையான, நன்றாகப் பழுத்த வாழைப்பழம். தட்டில் இடமில்லை. அப்படி இப்படிப் பார்த்துவிட்டுக் கீபோர்டின் இடது மூலையில் சாய்த்து வைத்துக் கற்பூரம் காட்டினார்.

“இனி ஒருத்தரும் கை வைக்கப்படாது.”

தொலைபேசி மட்டும் கருவி இல்லையாம். வியாபாரம் இருக்கிறதே. ஆகவே மற்றவர்களெல்லாம் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போக, சீதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். சரஸ்வதிக்குக்கூடத் தொலைபேசி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சொன்ன நேரத்துக்கு ஸ்கிரிப்ட் விழித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று பார்த்தாள். புரோகிராம் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. சில நேரம் மூடும்போது திரை நடுவில் ஏதோ படபடவென்று மின்னியது போலிருந்தது. புகையில் கண் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் மூடியிருந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது. அதன் பிறகும் ஓடியது. சண்முகரத்தினம் உண்மையாகவே சரிசெய்துவிட்டான். அவனை முதல் தடவையாக, மனத்துக்குள்ளே மட்டும், நல்லபடியாக நினைத்தாள்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, இன்னிக்கும் அதே கததாம்மா.”

“அக்கா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க. புதுசு வருது. அது மூடும்.”

“இதத்தான் அந்தத் தம்பியும் போன மாசம் சொல்லுச்சு.”

“அவரு சொன்னத உடுங்க. நான் சொல்றேன். இங்க என் கண்ணு முன்னால மூடுது. பாத்துக்கிட்டேதான் பேசுறேன்.”

“நெசமாவா?”

“நெசமாக்கா. நீங்க பஸ் புடிப்பீங்க.”

அன்று சாயங்காலம் கிள்ளானில் இறங்கியவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. தெங்கு கெலானா சாலையில் ஒரு கடையில் நெடுநாளாகக் கண் வைத்திருந்த மயில்கழுத்து நிறச் சுடிதாரை வாங்கினாள். தொலைபேசிக்குப் பின்னால் உட்காருகிறவளுக்கு எதற்கு நல்ல துணி என்று இதுவரை வாங்காமல் வைத்திருந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பாமல், “யாரையும் ஒண்ணும் பேசிடலியே?” என்றாள். அடுத்த வீட்டில் சொன்னாள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட, பெயர்கூடத் தெரியாத ஒரு சீன ஆண்டியிடமும் சொன்னாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால், புதுச் சுடிதாரோடு, அலுவலகத்தைத் திறந்தாள். ஸ்கிரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் ஓடிய முடிவு திரையின் ஓரத்தில் நீளமாக இறங்கியிருந்தது: திறந்தது, மூடியது, சரி. திறந்தது, மூடியது, சரி. ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. சீதா தனியாக நின்று சிரித்தாள். ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள் என்றுகூடச் சொல்லலாம், பார்க்க ஆளில்லை.

டாக்டர் வருமுன் மேசையைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நினைத்தாள். கம்ப்யூட்டரைத்தானே தொடக் கூடாது, பழத்தைத் தொட்டால் என்ன? சுண்டல் இலையை எடுத்தாள். தேங்காய் மூடியை எடுத்தாள். பிசாங் மாஸ் சீப்பைத் தூக்கினாள்.

கொஞ்ச நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்த புரோகிராம், அடுத்த தடவை மூடப் போகையில் நின்றது. நடுவில் பெட்டி வந்து நின்றது. கோப்பு இன்னும் திறந்திருக்கிறது.

சீதாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கையிலிருந்த சீப்பைப் பழைய இடத்திலேயே வைத்தாள். பெட்டி படபடவென்று மின்னி மறைந்தது. புரோகிராம் மூடியது. சரி.

குனிந்து பார்த்தாள். சீப்பின் ஓரத்துப் பழம் ஒன்று, கீபோர்டு மூலையில் இருக்கும் எஸ்கேப் விசையின் மேல் முழுப் பாரத்தையும் வைத்து உட்கார்ந்திருந்தது. அந்த விசையை அமுக்கினால் எந்தப் பெட்டியும் மறைந்துவிடும். பெட்டி வர வர, பழம் அலுக்காமல் சலிக்காமல் ராத்திரி முழுக்க அதை விரட்டியிருக்கிறது. எத்தனையோ தடவை வந்து வந்து பெட்டி ஓய்ந்த பிறகு புரோகிராம் மூடியிருக்கிறது. வள்ளியம்மாவுக்கு விரல் வலிக்கும், பஸ் வரும். பழத்துக்கு என்ன?

சண்முகரத்தினம் ஒரு மண்ணையும் சரிசெய்யவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல், முதலாளி மேல், மேசையில் இடமில்லாமல் சீர் அடுக்கிய பக்தி மேல். பிறகு அழுகை வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்துவிடுவார். இந்தச் சீப்பை இப்படியே விட்டால் திங்கட்கிழமை அவள் சோதனைப் பிரிவு. யாருக்கும் தெரியாது. அவளா வைத்தாள்? முதலாளி வைத்தது, அதுவும் மந்திரம் சொல்லி வைத்தது. எத்தனை வேலையை இந்த வாயால் தொலைத்தாயிற்று, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பேசாமல் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? சீப்பை நகர்த்தாமல், தன் இடத்துக்குப் போய், தொலைபேசிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். புதுச் சுடிதார் கழுத்தில் அரித்தது.

டாக்டர் மார்க்கிரட் வந்தார். குட்டையான முடி, குட்டையான பேச்சு. பின்னாலேயே முத்துக்குமாரு பட்டு வேட்டியில், சண்முகரத்தினம் டையில். எல்லோரும் சோதனைக் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றார்கள். புரோகிராம் திறந்தது, மூடியது. முத்துக்குமாரு பெற்ற பிள்ளை மேடையில் தேவாரம் பாடுவதைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லையே. ராத்திரி முழுக்க இப்பிடித்தானோ?” என்றார் டாக்டர்.

“ஒருக்காக் கூட நிக்கேல்லை, டாக்டர்” என்றார் முத்துக்குமாரு. “இந்தப் பிள்ளைதான் எழுதினது.”

டாக்டர் திரும்பி சீதாவைப் பார்த்தார். “நீரோ? பந்திங்கில என்ட கிளார்க் உம்மைப் பற்றித்தான் சொல்லுவா. நேற்றுப் பின்னேரம்கூட எனக்கு அடிச்சுச் சொன்னா, ‘டெலிபோன்ல இருக்கிற தங்கச்சியே சொல்லிடுச்சு டாக்டர், இனி பஸ் புடிச்சிடலாம்’ எண்டு. சரி, சொல்லும். இதை எடுத்தா வள்ளியம்மா பஸ் பிடிப்பாவோ?”

சுலபமான கேள்வி. தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். சீதா எழுந்து வந்தாள். கண்ணில் நீர் முட்டியது, அதற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“புடிக்க மாட்டாங்க, டாக்டர்” என்று சொல்லிவிட்டு, பிசாங் மாஸ் சீப்பைத் தூக்கினாள்.

பெட்டி வர அவ்வளவு நேரம் ஆகவில்லை. வந்தது, நின்றது. சீப்பை வைத்தாள், போயிற்று. தூக்கினாள், அடுத்த மூடலில் மறுபடி வந்து நின்றது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் பேசியது முத்துக்குமாரு. “ஏன் தொட்டனீ?”

“சார்?”

“நான் இன்னும் தீபம் காட்டேல்லை. பூசை முடியேல்லை. ஒருத்தரும் கை வைக்காத மட்டும் ஒழுங்கா ஓடினது. நீ கை வச்சாய், நிண்டிட்டுது.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். குருக்கள் சொன்னது பலித்துவிட்டது அவருக்கு. சண்முகரத்தினத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதனால் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒன்றுமே தெரியாத புகையை அக்கறையாகப் பார்த்தான்.

டாக்டர் மார்க்கிரட், சீதாவின் கையில் இருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, நின்றபடியே சாப்பிட்டார்.

“நல்ல பழம். மிஸ்டர் முத்துக்குமாரு, ஒவ்வொரு கிளினிக்குக்கும் இதையும் நீங்களே சப்ளை செய்வீங்களோ? ஒரு நாளைக்கு ஒரு சீப்பு வேண்டி வரும்.” தோலைப் பிரசாதத் தட்டில் போட்டார். “பழம் இல்லாம மூடுற அண்டைக்குக் கூப்பிடுங்கோ. அதுவும் நீங்க கூப்பிட வேண்டாம். இந்தப் பிள்ளை கூப்பிடட்டும்.”

திங்கட்கிழமை சீதா தொலைபேசியில் இருந்தாள். வணக்கம், குட் மார்னிங், செலாமாட் பாகி. சனிக்கிழமை வீட்டில் அம்மா மகள் முகத்தைப் பார்த்து, “திரும்பவும் பேசிட்டியா?” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போட்டிருந்தாள். ஐந்து மணி அழைப்பு வந்தது. வள்ளியம்மா திட்டவில்லை. “பரவால்ல உடு தங்கச்சி, டாக்டரு எல்லாம் சொன்னாங்க” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சீதாவுக்கு.

சண்முகரத்தினம் சில நாள் அவள் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, மேசை ஓரத்தில் நின்றான்.

“அந்தப் பெட்டி எப்ப எப்ப வருது? வரிசையா இருக்கா?”

“நான் டெலிபோன். சோதனையப் பத்திக் கேக்கணும்னா சோதனைப் பிரிவுல கேளுங்க.”

“சோதனைப் பிரிவுன்னு ஒண்ணு இல்லியே.”

“அதத்தான் சொல்றேன்.”

அவன் போகவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துவந்து உட்கார்ந்தான். மூன்று அழைப்பு வந்து போனது. நான்காவதற்கு முன்னால் சீதா பெருமூச்சு விட்டு, சோதனைக் கம்ப்யூட்டரைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். அவளே சொன்னதாலோ, தான் சொன்ன பொய்க்குப் பிராயச்சித்தமாகவோ, அவனே சுமந்துகொண்டு வந்தான். அவள் ஒரு காதில் வாடிக்கையாளரையும் மறு காதில் அவனையும் வைத்துக்கொண்டு, திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினாள். கடைசியில் தப்பு அகப்பட்டது. அன்றைய பதிவுகள் இருக்கும் கோப்பை அவன் இரண்டு இடத்தில் திறந்துவிட்டு, ஒரு இடத்தில் மட்டும்தான் மூடியிருந்தான். இவ்வளவு சின்னத் தப்பா என்று அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. “தப்பு என்னுதுதான்” என்றான். சீதா அதைப் பதிவு செய்ய ஒரு மென்பொருள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

மறுபடி ஒரு பகலும் இரவும் ஓடவிட்டார்கள், கீபோர்டை அடியோடு கழற்றி வைத்துவிட்டு. ஒரு தடவைகூட நிற்கவில்லை. முத்துக்குமாரு நம்பாமல், ராசிக்கு ஒரு சீப்புப் பழமாவது வை என்று பிடிவாதம் பிடித்தார். சீதா வைத்தாள், அலமாரியின் உச்சியில், கையேட்டுக்குப் பக்கத்தில். ஓடியதற்குக் காரணம் அந்தச் சீப்புதான் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். என்றாலும் சொன்ன சொல் தவறாதவர். சீதாவைக் கூப்பிட்டுச் சோதனைப் பிரிவுக்குத் தலைவியாக்கினார், பெர்மனன்ட் ஆக்கினார். டெலிபோனையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார், அதே சம்பளத்தில்.

“ரெண்டு வேலையா, சார்?”

“பழகின கைதானே, பிள்ளை.”

அவள் பதில் ஒன்று சொன்னாள். அது இங்கே வேண்டாம். வேலை மட்டும் போகவில்லை.

பழமில்லாமல் மூடுகிறது என்று சீதாவே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, புதிய புரோகிராமைச் சண்முகரத்தினமே டிஸ்கில் எடுத்துக்கொண்டு பந்திங்குக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் சீதா ஐந்து மணிக்கு முன்னாலிருந்தே தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே பூக்கடைக்காரர் யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். ஐந்தானது. மணி அடிக்கவில்லை. லைன் செத்துவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ஊங் என்று நன்றாகவே கேட்டது. வைத்தாள். மறுபடியும் காத்திருந்தாள். இன்னும் பெட்டியை அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறாளோ, அழைக்கவும் மனமில்லாமல் சுவிட்சைத் தட்டிவிட்டாளோ என்று ரிசீவரை மறுபடி கையில் எடுத்தாள். தாங்க முடியாமல் தானே பந்திங் கிளினிக்கின் எண்ணைச் சுழற்றினாள்.

அங்கே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அப்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது: சுவிட்சைத் தட்டிய நாளிலெல்லாம் வள்ளியம்மா முதலில் இவளுக்கு அடித்துச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள். இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. புரோகிராமை மூடிவிட்டு, கதவைப் பூட்டிவிட்டு, நடந்து போய், இந்நேரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

சீதாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அறைக்குள்ளிருந்து முத்துக்குமாரு எட்டிப் பார்த்தார். “ஆரோட கதைக்கிறாய்?”

“யாரும் இல்ல, சார். அடிக்குது, எடுக்க ஆளில்ல.”

“ஆளில்லையெண்டா வையன் பிள்ளை.”

“வெக்கிறேன் சார்” என்றாள், வைக்கவில்லை. யாருமில்லாத பந்திங் கிளினிக்கில் அடித்துக்கொண்டிருந்த அந்த மணியை, தானாகவே அறுபடும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.